இலை எடுப்பது யார்?

தென்மாவட்டத்துக் கத்தோலிக்க ஊர்களில் திருவிழாவையொட்டி அசனம் நடக்கும். கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, வந்தவர் அனைவரையும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். அப்போது சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடக்க ஆள் பஞ்சம் இருப்பதில்லை. பங்குப் பேரவைக்காரர்கள், இளைஞர் இயக்கத்தார், வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்று பலரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பந்தி எழுந்த பிறகு நடப்பதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எச்சில் இலையை மடக்கிக் கூடையில் அள்ளுவது, சிந்திய சோற்றைக் கூட்டுவது, அடிப்பிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்ப்பது ஆகியவற்றுக்கென்று சிலர் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே சிலர். யாரும் அவர்களை அதட்டி ஏவுவதில்லை. ஏவத் தேவையில்லாதபடி அது முன்பே முடிவாகியிருக்கிறது. பரிமாறினால் சேவை என்கிறோம், இலை எடுத்தால் வேலை என்கிறோம்.

ஒரு பங்கில் தாழ்ச்சி எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை அங்கே நிகழ்த்தப்படும் மறையுரைகளை வைத்து அறிய முடியாது. வேலைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன, காணிக்கைக் கணக்கு யாருக்குச் சொல்லப்படுகிறது, பொறுப்பில் அமர்ந்தவர் எத்தனை ஆண்டு அமர்ந்திருக்கிறார், இறந்தவர் எங்கே புதைக்கப்படுகிறார் என்பவற்றில்தான் அது தெரியும். தாழ்ச்சியை உள்ளத்துக்குள் இருக்கும் உணர்வாக மட்டும் வைத்திருக்கும்வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. பங்கின் அன்றாட நடைமுறைக்குள், எழுதிவைத்த ஏற்பாடாக அது வந்தாக வேண்டும். அதுவும் மேலே இருப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

மேலிருந்து என்று சொல்வதற்குக் காரணம் பெரிய வியாழன். மற்ற மூன்று நற்செய்திகளும் அப்பத்தையும் இரசத்தையும் பற்றிச் சொல்லும் அதே இரவில், யோவான் மட்டும் ஒரு துண்டையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் காட்டுகிறார். சீடர்களின் பாதங்களைக் கழுவக் குனிந்த இயேசு அந்த அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆசிரியர். பேதுரு பதறி மறுத்ததும் அதனால்தான். சீடர்களில் ஒருவர் அந்தத் துண்டை எடுத்திருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். அதிகாரம் உள்ளவர் தாமாக இறங்குவதுதான் அந்தக் காட்சியின் உயிர். நம் பேச்சு வழக்கிலோ தாழ்ச்சி என்பது பெரும்பாலும் கீழே இருப்பவருக்குச் சொல்லப்படும் புத்திமதியாகிவிட்டது. கணக்குக் கேட்கும் இளைஞனுக்கும், தன் தெருவுக்கும் தேர் வர வேண்டும் என்று கேட்கும் குடும்பத்துக்கும், பேரவையில் குரல் உயர்த்தும் பெண்ணுக்கும் தாழ்ச்சி போதிக்கப்படுகிறது. இவர்களில் யாரிடமும் விட்டுக்கொடுப்பதற்கு எந்த உயரமும் இல்லை.

பாதம் கழுவும் சடங்கு 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் புனித வார வழிபாடுகளைச் சீர்திருத்தியபோது மாலைத் திருப்பலிக்குள் இடம்பெற்றது. ஆண்கள் மட்டுமே அமர வேண்டும் என்பது விதி. 2013 மார்ச்சில், பதவியேற்ற சில நாள்களிலேயே, திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் உள்ள காசால் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தனர், இஸ்லாமியரும் இருந்தனர். 2016 ஜனவரியில் விதியே மாற்றப்பட்டது. ஆண், பெண், இளையோர், முதியோர், நலமுள்ளோர், நோயுற்றோர் என்று இறைமக்களின் பன்மை அந்தக் குழுவில் தெரிய வேண்டும் என்று வழிபாட்டுப் பேராயத்தின் ஆணை சொல்கிறது. நம் பங்குகளில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளில் யார் அமர்கிறார்கள் என்று பார்த்தால் இந்த ஆணை எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிய பாதங்களோடு பேரவை உறுப்பினர்களே வரிசையாக அமரும் இடங்களில், அந்தச் சடங்கு முன்வரிசைக்குக் கிடைத்த இன்னொரு மரியாதையாகச் சுருங்கிவிடுகிறது.

நல்லெண்ணம் இருந்தால் போதாதா, ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். இதற்கான பதிலை 1617-இல் பிரான்சின் ஷத்தியோன் என்ற சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்த வின்சென்ட் தெ பவுல் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிறு, திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் படுத்திருக்கிறார்கள், கவனிக்க ஆளில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மறையுரையில் அதைச் சொன்னார். அன்று பிற்பகல் ஊரே உணவைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. நெகிழ்வான காட்சிதான், ஆனால் வின்சென்ட் அதில் வேறொன்றைக் கண்டார். இன்று வந்து குவிந்த உணவு கெட்டுப்போகும், அடுத்த நாள்களில் அந்த வீடு மறுபடி பட்டினி கிடக்கும். சில நாள்களுக்குள் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, ஓர் ஒழுங்கும் எழுதிக் கொடுத்தார். நோயாளியின் படுக்கை மேல் துணி விரிப்பது, உணவைத் தட்டில் எடுத்து வைப்பது, முகமலர்ச்சியோடு உண்ணச் சொல்வது வரை அதில் இருக்கிறது. துணைக்கு ஆள் உள்ள நோயாளியை முதலில் பார்த்துவிட்டு, யாருமற்றவரைக் கடைசியில் பார்க்க வேண்டும், அப்போதுதான் அவரோடு அதிக நேரம் இருக்க முடியும் என்ற குறிப்பும் அதில் உண்டு. எத்தனை நல்லெண்ணம் இருந்தாலும், உட்கார்ந்து யோசித்து எழுதிவைக்காமல் இப்படியொரு நுட்பம் நடைமுறைக்கு வராது.

இதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தையது பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு. தாழ்ச்சிக்கென்று ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கிப் பன்னிரண்டு படிகளாக அதை விளக்கிய அவர், அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சமையலறை வேலையை வார முறையாக்கினார். நோயுற்றவரும் முக்கியப் பொறுப்பில் உள்ளவரும் தவிர வேறெவருக்கும் விலக்கில்லை. வாரம் முடிந்து போகிறவர் துண்டுகளைத் துவைத்துவைக்க வேண்டும். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். பலவீனமானவருக்குத் துணையாள் தர வேண்டும் என்றும், பரிமாறுகிறவர் முணுமுணுக்காமல் பணிசெய்ய உணவு நேரத்துக்கு முன்பே அவருக்குக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் கொடுத்துவிட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார். பசித்தவன் எரிச்சல்படுவான் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கும் வழி செய்யும் இந்தப் பரிவைத்தான் நம் பங்கு நிர்வாகத்தில் நான் எதிர்பார்க்கிறேன்.

விதியும் முறையும் வந்தால் அன்பு போய்விடும், தாழ்ச்சி கணக்குப் பார்க்கும் விஷயமா என்ற மறுப்பு எழும். பொருட்படுத்த வேண்டிய மறுப்புதான். ஆனால் நம் பங்குகளில் சத்தமில்லாமல் சேவை செய்கிறவர்கள் யார் என்று பாருங்கள். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தெ பவுல் சபையினரும் அவர்களில் முதன்மையானவர்கள். 1921-இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனையில் வாரந்தோறும் கூட்டம் உண்டு. இருவர் இருவராக வேலை ஒதுக்கப்படும். போனவர்கள் அடுத்த வாரம் வந்து என்ன செய்தோம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் அரசு மருத்துவமனைக் கட்டில்களுக்கிடையே ஜெபமாலையோடு நடக்கும் அந்த முதிய பெண்களை இயக்குவது அந்த நேரத்து மனநிலை மட்டும் அல்ல, கொடுத்த வாக்கும் எழுதிய முறையும்கூட. தொடக்கத் திருச்சபையும் இதையே செய்தது. எருசலேமில் அன்றாட உணவுப் பகிர்வில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டபோது, திருத்தூதர்கள் அவர்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுத்துப் பந்திப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்டவர்கள் தரப்பின் கைக்கே உணவுப் பொறுப்பு போயிருக்கிறது என்று அதைப் படிப்பதில் தவறில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சாதிக்கு வர வேண்டும். வராமல் தமிழகத்தில் கிறிஸ்தவத் தாழ்ச்சி பற்றி எழுதுவது நேர்மையாகாது. நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் உயர்ந்த நீலகண்டன், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகியதையும் அவருடைய வரலாறு சேர்த்தே சொல்கிறது. 1752-இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட அவரைத் திருச்சபை 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தது. அதே வடக்கன்குளத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டில், பலிபீடத்திலிருந்து இரண்டாகப் பிரியும் மண்டபங்களோடு, ஒரு சாதியார் இன்னொரு சாதியாரின் கண்ணில் படாமல் திருப்பலி காணும்படி ஒரு கோயில் எழுந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது ஆதிக்கச் சாதியார் மனம் மாறியிருக்கவில்லை. பழைய பிரிவினையை மீட்கக் கோரி அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். மனம் மாறட்டும், பிறகு சுவரை இடிக்கலாம் என்று அந்த நாள் குருக்கள் காத்திருந்தால் அது இன்றும் நின்றிருக்கக்கூடும்.

சாதி சமூகத்தின் நோய், திருச்சபை என்ன செய்யும், படிப்படியாகத்தான் மாறும் என்பவர்களுக்கு 2008 மார்ச்சை நினைவூட்ட வேண்டும். அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கும் சம வழிபாட்டு உரிமையும் கேட்டதை ஒட்டி எழுந்த மோதல், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழப்பதில் போய் முடிந்தது. எல்லாரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். 2003-இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கென்று தனிக் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. ஆவணங்களுக்குக் குறைவில்லை. கிறிஸ்தவத் தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கும் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்துத் திருச்சபை டெல்லி வரை போராடுகிறது, நியாயமான போராட்டம். அதே நியாயம் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் செல்ல வேண்டும். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் புதைக்க வேண்டும் என்ற வழக்கம் உள்ள இடங்களில், இறந்த தேதி வரிசைப்படிதான் இனி குழி என்று ஆயரகம் ஒற்றை வரி ஆணை போட்டால் அது பத்துத் தியான நாள்களின் மறையுரைகள் செய்யாததைச் செய்யும். எதிர்ப்பு வரும். சந்தா நிறுத்துவார்கள், கோயிலைப் பூட்டுவார்கள். அந்த எதிர்ப்பைத் தாங்கிக்கொள்வதுதான் ஆயருக்கும் குருவுக்கும் உரிய தாழ்ச்சி.

அடுத்தது பணமும் அதிகாரமும். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்றும் அது பொறுப்பாளர்களைக் கடமைப்படுத்துகிறது. தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்கும் உரிமையும், சில வேளைகளில் கடமையும், இறைமக்களுக்கு உண்டு என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே கணக்குக் கேட்பது கலகம் ஆகாது. இதைச் சரியாகச் செய்யும் பங்குத்தந்தையர் பலர் உண்டு. மாதக் கடைசி ஞாயிறு வரவு செலவை வாசித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுகிறார்கள். அத்தகைய பங்குகளில் வதந்திக்கு வேலை குறைவு. திருச்சபை ஜனநாயக அமைப்பு அல்ல, பேரவை ஆலோசனை சொல்லத்தான், முடிவெடுப்பது குரு என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் ஆலோசனை கேட்கும் கடமையை ஏற்றுக்கொண்டவர், கேட்ட ஆலோசனையை ஏன் ஒதுக்கினார் என்று சொல்வதால் அவருடைய குருத்துவம் குறைந்துவிடாது. 1965 நவம்பர் 16 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், ரோமின் தொமித்தில்லா சுரங்கக் கல்லறையில் நாற்பது ஆயர்கள் அளவில் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். சாதாரண மக்களைப் போல வாழ்வோம், பெரும் பட்டங்களால் அழைக்கப்பட விரும்பமாட்டோம் என்பது அதன் சாரம். அவர்கள் ஆயர்களாகவே இருந்தார்கள். யாரும் அவர்களைக் குறைவாக மதிக்கவில்லை. நம் திருவிழாச் சுவரொட்டிகளில் ஆயருக்கும் குருவுக்கும் பொருளாளருக்கும் அச்சாகும் அடைமொழிகளைப் பார்க்கும்போது அந்தச் சுரங்கக் கல்லறை வெகு தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

கொடுப்பவர் பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். கொடிமரத்திலிருந்து மின்விசிறி வரை உபயம் என்று பெயர் எழுதும் பழக்கம் எல்லா மதத்து வழிபாட்டு இடங்களிலும் உண்டு. பெயர் போடாவிட்டால் பணம் வராது என்று நிர்வாகிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோயில் கட்டிக் கடனில் தவிக்கும் பங்குத்தந்தையிடம் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை நீட்டுவது எளிது, கடனை அடைப்பது கடினம். இறந்த பெற்றோரின் நினைவுக்காகப் பெயர் எழுதக் கேட்கும் குடும்பத்தின் பாசத்தையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பெயர் இல்லாமலும் பணம் சேரும் என்பதற்கு வின்சென்ட் தெ பவுல் சபையே சாட்சி. 1833-இல் பாரிஸில் இருபது வயது மாணவரான பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய அந்தச் சபையின் கூட்டங்களில் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வசதியுள்ளவர் உயர்வதில்லை, இல்லாதவர் கூசுவதில்லை. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக அந்தப் பணத்தில் உலகெங்கும் ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, தாழ்ச்சியின் பேரில் நாம் அதிகம் சுரண்டுகிறவரைச் சொல்லாமல் விட முடியாது. கோயில்பிள்ளை விடியுமுன் வந்து கதவு திறக்கிறார், மணி அடிக்கிறார், பெருக்குகிறார், பீடத்துக்கு விரிப்பு மாற்றுகிறார், நள்ளிரவுச் சாவுக்கும் துக்க மணி அடிக்க எழுந்து வருகிறார். குரு சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வர முடிந்த காலத்தில் உபதேசியார்கள்தான் ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுத்து, இறந்தவரை அடக்கம் செய்து இந்தத் திருச்சபையைக் கிராமங்களில் நிலைநிறுத்தினார்கள். இவர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், இது இறைப்பணி, காசுக்காகச் செய்வதில்லை என்று பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்கிறவர் பெரும்பாலும் நல்ல சம்பளம் வாங்குகிறவராக இருப்பார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக உபதேசியார்களை நியமித்தபோது இறைப்பணி என்று சொல்லி அவர்களை வெறுங்கையோடு விடவில்லை. போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய ஊதியத்துக்குத் திருப்பினார். தமக்கென்று எதுவும் கேட்காத துறவி, தம் கீழ் வேலை செய்தவர்களுக்காக அரசியிடமே கேட்டார்.

எனவே அடுத்த திருவிழாவின் மின்அலங்காரத்துக்கு விலை விசாரிக்கும் முன்பாக, பங்கின் நிதிக்குழு கோயில்பிள்ளையின் மாதச் சம்பளத்தை எடுத்து மேசைமேல் வைக்கட்டும். அந்த ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவோ அதற்குக் குறையாமல் கணக்கிட்டு, மருத்துவச் செலவுக்கும் முதுமைக்கும் ஒரு தொகை ஒதுக்கி, வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு எழுதிக்கொடுக்கட்டும். அந்த விடுப்பு நாளில் கோயிலைத் திறந்து பெருக்கும் முறையை, பங்குத்தந்தையும் பேரவைத் துணைத் தலைவரும் முதல் இரண்டு வாரங்களை எடுத்துக்கொண்டு, பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் வரிசைப்படி எழுதி வாசலில் ஒட்டலாம்.